வத்தலை மருந்து என்று விற்கலாமா?



எங்கள் பக்கம் 'மருந்து' என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தம் உண்டு. பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள் "இன்னைக்கு மருந்து செலுத்துற வேலை" என்று சொன்னால் அது வெடிமருந்து. காட்டில் நின்று "மருந்து அடிச்சாச்சா?" என்று கேட்டால் அது பூச்சிக்கொல்லி. ஆஸ்பத்திரியில் கொடுப்பது மூன்றாவது. எம். புதுப்பட்டியில் ஒரே வீட்டில், ஒரே நாளில் இந்த மூன்று மருந்தும் பேச்சில் வந்து போகும். நான் நாலாவதாக ஒன்றைச் சேர்த்தேன். என் காட்டில் விளைந்த சம்பா வத்தலுக்கு 'மருந்து' என்று பெயர் வைத்து விற்றேன். அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வங்கியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அப்பா விட்டுப்போன இரண்டரை ஏக்கரும் ஒரு கிணறும் இருக்கிறது. அதில் 40 சென்டில் வருடாவருடம் நாட்டுச் சம்பா மிளகாய் போடுகிறேன். பஞ்சகவ்யம், வேப்பங்கொட்டைக் கரைசல், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், இலைப்பேனுக்கு நீல அட்டை. இவ்வளவுதான் என் பண்டுவம். வத்தலைக் காம்பு கிள்ளி, கால் கிலோ பொட்டலமாகப் போட்டு, மாதம் இரண்டு ஞாயிறு கூடும் இயற்கைச் சந்தையில் கொண்டுபோய் விற்பேன்.

ஆரம்பத்தில் விற்பனை மந்தம்தான். கடையில் கிடைப்பதைவிட என் வத்தல் விலை கூடுதல். நிறமும் அவ்வளவு பளபளப்பு இல்லை. அப்போது பக்கத்துக் கடைக்கார நண்பர் ஒரு யோசனை சொன்னார். "சும்மா வத்தல்னு சொன்னா யார் வாங்குவா? சளிக்கு நல்லதுன்னு எழுதி வைங்க." நானும் ஒரு போர்டு எழுதினேன்: 'நாட்டுச் சம்பா வத்தல். சளி, சைனஸ், மூக்கடைப்புக்குக் கைகண்ட மருந்து.' விற்பனை கூடியது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

போர்டைப் பார்த்து வாங்கியவர்களில் பட்டாசு ஆலைக்குப் போகும் ஒரு பெண்ணும் உண்டு. நாற்பது வயது இருக்கும். கந்தகமும் அலுமினியப் பொடியும் படிகிற வேலை. மூக்கடைப்பு அவருக்குப் புதிதில்லை. இரண்டு மூன்று தடவை வாங்கிய பிறகு சொன்னார்: "அண்ணாச்சி, ரசம் குடிச்ச உடனே மூக்கு தொறக்குது. அரை மணி நேரத்துல மறுபடியும் அடைச்சுக்கிருது. அதுவும் ஒரு பக்கம் மட்டும்தான்." நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்க வேண்டும். "விடாமக் குடி தாயி, சரியாப் போகும்" என்றேன்.

ஐந்து மாதம் கழித்து அவர் வந்தபோது மூக்கில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. உள்ளே சதை வளர்ந்து ஒரு பக்கத்தையே அடைத்திருக்கிறது. சிந்தினால் ரத்தம் வந்த பிறகுதான் பயந்துபோய் டாக்டரிடம் போயிருக்கிறார். "முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு சிரமம் இல்லை" என்று டாக்டர் சொன்னாராம். அந்தப் பெண் என்னைக் குறை சொல்லவில்லை. "உங்க மேல தப்பு இல்லை அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குப் போனா ரெண்டு நாள் கூலி போயிரும்னு நான்தான் இருந்துட்டேன்" என்றார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. கூலி போய்விடும் என்று தயங்குகிற ஒருவருக்கு, தள்ளிப்போட ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை போர்டில் எழுதி வைத்தவன் நான்.

மூக்கு ஒழுகுவது வேறு, அடைப்பு போவது வேறு

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் படித்தேன். மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள். நாம் நினைப்பதுபோல அது விதையில் உண்டாவதில்லை. விதை ஒட்டிக்கொண்டிருக்கிற வெள்ளைச் சவ்வில்தான் உண்டாகிறது. நம் வாயிலும் மூக்கிலும் இருக்கிற நரம்பு முனைகளில் சூட்டை உணர்கிற ஒரு வாயில் இருக்கிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அது திறக்கும். 'சுடுது' என்று மூளைக்குச் செய்தி போகும். கேப்சைசின் பட்டாலும் அதே வாயில் திறக்கும். சூடே இல்லாமல் சுடுகிறதாகத் தோன்றும். இந்த வாயிலை 1997-ல் கண்டுபிடித்தது டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு. அவருக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஜூலியஸ் அதைத் தேடிப் போனது மிளகாயை வைத்துத்தான்.

சுடுகிறது என்ற செய்தி போனதும் உடம்பு என்ன செய்யும்? கழுவித் தள்ளப் பார்க்கும். கண்ணில் நீர், வாயில் எச்சில், மூக்கில் நீர் எல்லாம் வரும். எண்ணெய் பரோட்டாவுக்குக் காரச் சால்னா ஊற்றிச் சாப்பிடும்போது விருதுநகரில் மூக்கை உறிஞ்சாத ஆள் உண்டா? கெட்டியாக நின்ற சளியோடு நீர் சேர்ந்து இளகி வெளியே வரும். அப்போது நிம்மதியாக இருப்பது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மூக்கடைப்பு என்பது சளி மட்டும் இல்லை. மூக்குக்குள் இருக்கிற சதை மடிப்புகளில் ரத்தக்குழாய்கள் வீங்கி, காற்று போகிற வழி குறுகிவிடுவதுதான் பெரும்பாலும் அடைப்பு. காரம் நீரை வரவழைக்கும். அந்த வீக்கத்தை நின்று வற்ற வைக்காது. அதனால்தான் அரை மணி நேரத்தில் மறுபடி அடைக்கிறது. சதை வளர்ச்சியோ, எலும்பு வளைவோ இருந்தால் ரசம் குடித்து அதைக் கரைக்க முடியாது.

பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2008-ல் ஒரு ஆய்வு வெளியானது. சளிக்காய்ச்சல் இருந்த 30 பேருக்கு ஒரு பழச்சாற்றைச் சூடாகவும், அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். சூடாகக் குடித்தவர்கள் மூக்கு, தொண்டை, இருமல் எல்லாம் தேவலை என்றார்கள். கருவி வைத்து மூக்கில் போகிற காற்றை அளந்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. நிவாரணம் நிஜம், அடைப்பு அப்படியே இருந்தது. நம் ரசத்துக்கும் கோழிச்சாறுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். காய்ச்சலில் கிடக்கிறவனுக்கு அந்த நிவாரணமும் பெரிய உதவிதான். அதை மருந்து என்று சொல்லும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

"வெளிநாட்டிலேயே மிளகாயை மூக்குக்கு மருந்தாக்கிட்டான்"

இப்படி ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் கேப்சைசினை மூக்கில் தெளித்துச் சோதித்திருக்கிறார்கள். ஒவ்வாமையும் இல்லாமல், கிருமியும் இல்லாமல், காரணம் பிடிபடாமல் வருடக்கணக்கில் மூக்கு ஒழுகி அடைத்துக்கொள்கிறவர்களுக்கு அது பலன் தரக்கூடும் என்று தெரிகிறது. 2015-ல் காக்ரேன் அமைப்பு நான்கு ஆய்வுகளை, மொத்தம் 302 பேரை, சேர்த்துப் பார்த்து அப்படித்தான் சொன்னது. ஆய்வுகள் சிறியவை, ஆதாரத்தின் தரம் போதாது என்பதையும் சேர்த்தே சொன்னது. ஒவ்வாமையால் வரும் மூக்குத் தொல்லைக்குப் பலன் தரும் என்று சொல்ல ஆதாரம் போதாது என்று அதே அமைப்பு அதற்கு முன்பே சொல்லியிருந்தது.

அங்கே கொடுத்தது ரசம் இல்லை. அளந்த கேப்சைசினை, மூக்கை மரக்க வைத்துவிட்டு, மருத்துவர் கண் முன்னால் தெளிக்கிறார்கள். ஒரு முறையில் ஒரே நாளில் மணிக்கு ஒரு தரம் என்று ஐந்து தடவை. அதன் வேலையும் வேறு. அளவுக்கு மீறித் தூண்டப்பட்ட நரம்பு முனைகள் அடங்கிப் போகின்றன. இதைக் கேள்விப்பட்டு வத்தல் தண்ணீரை மூக்கில் விட்டுப் பார்க்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் அரைத்த கையோடு தெரியாமல் கண்ணைத் தேய்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. அந்தக் கரைசலில் பூச்சியை விரட்டுகிற பொருளும் இதே கேப்சைசின்தான். எண்ணெயில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கை எரிந்தால் முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வத்தல் காரம் மூக்கைக் குணப்படுத்தும் என்றால், இந்த மாவட்டத்திலேயே நல்ல மூக்கு யாருக்கு இருக்க வேண்டும்? வத்தல் குடோனில் உட்கார்ந்து நாள் முழுக்கக் காம்பு கிள்ளுகிற பெண்களுக்கு. அவர்களைப் போய்ப் பாருங்கள். முந்தானையால் மூக்கை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். தும்மலும் இருமலுமாகத்தான் பொழுது போகும். என் வீட்டுக் களத்தில் காம்பு கிள்ள வருகிறவர்களும் அப்படித்தான். திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்ட வத்தல் நெடி ஏறினால் வீடே இருமுகிறதே, அதுவும் இதே பொருள்தான். மருத்துவ ஆய்வகங்களில் இருமலை வரவழைத்து அளப்பதற்கே கேப்சைசினை உள்ளிழுக்கக் கொடுக்கிறார்கள். இளைப்பு உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் 'சளி இறங்கும்' என்று வத்தல் புகை போடுவது ஆபத்து.

பாரம்பரியம் என்றால் எவ்வளவு பழசு?

'பாட்டி காலத்து மருந்து' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1498-க்குப் பிறகு போர்த்துகீசியர் வழியாக இங்கே வந்தது. மிளகு போலக் காரமாக இருந்த காய்க்கு நம் ஆட்கள் மிளகாய் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பு நம் காரம் மிளகுதான். சித்த மருத்துவத்தில் திரிகடுகம் என்று சொல்லப்படும் சுக்கு, மிளகு, திப்பிலியில் மிளகாய் இல்லை. மிளகில் இருக்கிற பைப்பரின் என்ற பொருளும் நரம்பில் அதே வாயிலைத்தான் தட்டுகிறது என்பது ஆச்சரியமான பொருத்தம். அதனால் மிளகு செய்த வேலையில் கொஞ்சத்தை மிளகாயும் செய்தது. ரசத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இதையெல்லாம் சொல்வது மிளகாயைத் தள்ளிவைக்க இல்லை. வந்த பயிரை நம் மண்ணுக்கு ஏற்றதாக மாற்றி, சம்பா என்றும் முண்டு என்றும் ரகம் பிரித்தவர்கள் நம் முன்னோர்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-லும், விருதுநகர் சம்பா வத்தலுக்கு 2025-லும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெருமைப்பட அது போதும். இல்லாத மருத்துவப் பெருமையைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

'உணவே மருந்து' என்று நாம் மேடைக்கு மேடை சொல்கிறோமே, அது என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நானும் அதை நம்புகிறவன்தான். ஆனால் அதன் பொருள் என்ன? நஞ்சில்லாத சோறும் காய்கறியும் நாள்தோறும் தின்றால் உடம்பு தெம்பாக இருக்கும் என்பது. இந்தக் காய் இந்த நோய்க்கு, அந்தக் கிழங்கு அந்த நோய்க்கு என்று மருந்துச்சீட்டு எழுதுவது அல்ல. முதலாவதை உழவர் சொல்லலாம். இரண்டாவதைச் சொல்ல நமக்குப் படிப்பும் இல்லை, பொறுப்பெடுத்துக்கொள்ள வழியும் இல்லை.

வங்கியில் இருந்தபோது ஜாமீன் கையெழுத்துப் போட வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்வேன்: "அவர் கட்டலேன்னா நீங்க கட்டணும். யோசிச்சுப் போடுங்க." 'கைகண்ட மருந்து' என்று எழுதுவதும் ஜாமீன் கையெழுத்துதான். குணமாகவில்லை என்றால் நாம் என்ன கட்டுவோம்? அந்தப் பெண்ணின் ஐந்து மாதத்தை நான் எதைக் கொண்டு திருப்பிக் கட்டுவேன்?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஒரு உணவுப்பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக்கூடாது என்கின்றன உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைகள். தவறான விளம்பரத்துக்கு 2006 சட்டத்தின் 53-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பொட்டலத்தில் ஒட்டுகிற லேபிளும் அந்தச் சட்டத்தில் விளம்பரம்தான். அபராதத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. கம்பெனிக்காரன் பொய் விளம்பரம் செய்கிறான் என்று நாம் கத்துகிறோம். அதே வேலையை நாமும் செய்துகொண்டு கத்த முடியாது.

அப்படியானால் என்ன சொல்லி விற்பது?

உண்மையைச் சொல்லியே விற்கலாம். அது நிறையவே இருக்கிறது. மிளகாய்ப் பயிருக்கு ரசாயன விவசாயத்தில் எத்தனை தடவை மருந்து அடிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். இலைப்பேன், சிலந்திப்பேன், காய்ப்புழு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டப்பா. மிளகாயைத் தோல் சீவித் தின்பதில்லை. காய்ந்த பிறகு எடை குறைந்து எல்லாம் செறிந்து நிற்கும். சளி பிடித்த பிள்ளைக்கு அந்த வத்தலை ரசத்தில் தட்டிப் போடுகிறோம். இந்திய மிளகாய்த்தூளில் சூடான் என்ற சாயம் கலந்திருந்ததாக 2003-ல் ஐரோப்பாவில் பெரிய பிரச்சினை ஆனது நினைவிருக்கலாம். ஈரம் சரியாகப் போகாமல் மூட்டை கட்டிய வத்தலில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். முழு வத்தலில் ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, சாயமோ கனிம எண்ணெய்ப் பூச்சோ இருக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது.

இந்த இடத்தில் நம் வத்தல் நெஞ்சை நிமிர்த்தி நிற்கலாம். என் பழைய போர்டை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதியது இது: 'விருதுநகர் சம்பா. பூச்சிக்கொல்லி அடிக்கவில்லை. மண்ணில் போடாமல் தார்ப்பாயில் காயவைத்தது. சாயம், எண்ணெய் தடவவில்லை. காட்டுக்கு வந்து பார்க்கலாம்.' இதில் ஒவ்வொரு வரிக்கும் என்னால் ஜாமீன் நிற்க முடியும். போர்டை மாற்றிய முதல் இரண்டு மாதம் விற்பனை குறைந்தது. பிறகு பழையபடி முழுதாக வரவில்லை, முக்கால்வாசி வந்திருக்கிறது. வருகிறவர்கள் விடாமல் வருகிறார்கள். மூன்று குடும்பம் காட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூக்கடைப்பு என்று சொல்லி வத்தல் கேட்டால் இப்போதும் கொடுக்கிறேன். கூடவே இதையும் சொல்கிறேன். நீங்களும் சொல்லலாம்:

சாதாரணச் சளிக்கு மிளகும் வத்தலும் தட்டிப் போட்ட ரசம் குடிங்க, இதமா இருக்கும். நோய் ஒரு வாரம் பத்து நாளில் தானே போகும்.

பத்து நாளுக்கு மேல் நீடித்தால், ஒரே பக்கம் அடைத்தால், ரத்தம் வந்தால், கடும் காய்ச்சலோ முக வலியோ மூச்சிரைப்போ இருந்தால், ரசத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் டாக்டரைப் பார்க்கப் போங்க.

மெடிக்கல் கடையில் வாங்கி விடுகிற அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைச் சில நாளுக்கு மேல் தொடர்ந்து போடாதீங்க. நிறுத்தினதும் முன்னைவிட அதிகமாக அடைக்கும். விட முடியாத பழக்கமாகிவிடும்.

பட்டாசு ஆலையோ, வத்தல் குடோனோ, தூசியில் வேலை என்றால் மூக்கை மூடிக்கட்டுங்க. வீட்டுக்கு வந்ததும், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டு மூக்கைக் கழுவுங்க. எந்த அளவு, எப்படி என்று ஒரு தடவை டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டுக்கொள்ளுங்க.

கைக்குழந்தைக்குக் காரம், வத்தல் புகை எதுவும் வேண்டாம்.

இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். கூட்டம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த ஒரு நிமிடம் நம்மிடம் இருக்கிறது.

அந்தப் பெண் இப்போதும் என்னிடம்தான் வத்தல் வாங்குகிறார். போன தடவை புதுப் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மருந்துன்னு போட்டிருந்தீங்களே அண்ணாச்சி, எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். "ஆமா தாயி, இது வத்தல்தான்" என்றேன். "வத்தலாவே நல்லாத்தான இருக்கு" என்று சொல்லி, அரைக் கிலோ போடச் சொன்னார்.

நம் இயக்கத்து நண்பர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த சந்தைக்குப் போகுமுன் உங்கள் போர்டையும் லேபிளையும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். வத்தல் மட்டும் இல்லை. தேன், கருப்பட்டி, சிறுதானியம், மரச்செக்கு எண்ணெய் எதுவானாலும் சரி. ஜாமீன் நிற்க முடியாத வரி ஏதாவது இருந்தால் அதை அடித்துவிடுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.